பெரியவளின் வயிற்றெரிச்சல்

பள்ளிக்கூடங்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் சீருடை தைக்கிற ஒரு தையற்கூடத்தில் அவள்தான் கட்டிங் மாஸ்டர். மாஸ்டர் என்றால் ஆண்பிள்ளை என்று நினைத்துக்கொண்டு வருகிற வியாபாரிகள், நீள மேசைக்குப் பின்னால் கழுத்தில் அளவு நாடாவோடு நிற்கிற அவளிடமே, "மாஸ்டர் இல்லையாம்மா?" என்று கேட்பார்கள். "வெளிய போயிருக்கார், நீங்க அளவைச் சொல்லுங்க" என்பாள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். துணியை அடுக்கு அடுக்காக விரித்து, மின்கத்தியை வளைத்து ஓட்டி, ஒரு குவியல் சட்டைக் கைகளை அள்ளி ஓரமாக வைக்கும்போதுதான் வந்தவருக்கு உறைக்கும். அதற்குள் தையற்காரிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கியிருப்பார்கள்.

வீட்டில் அவள் மூத்த மருமகள். எல்லோருக்கும் பெரியவள். புருஷன் நகரப் பேருந்து ஓட்டுகிறவர், பேச்சில் சிக்கனம். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு அவள் காலடி வைத்த வீடு அது. எந்தப் பாத்திரம் எந்தத் தட்டில் இருக்க வேண்டும் என்பதில் தொடங்கி, மாமனார் எந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போகலாம் என்பது வரைக்கும் அவள் வைத்ததுதான் சட்டம். மாமனார் அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர். உலகத்தில் எல்லாவற்றிலும் பிழை கண்டுபிடிக்கிறவர், மூத்த மருமகளிடம் மட்டும் வாயை மூடிக்கொள்வார்.

பிறகு கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆகி மாடிக்குச் சின்னவள் வந்து சேர்ந்தாள்.

சின்னவள் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் திசுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். அறுவை சிகிச்சையில் வெட்டி எடுக்கிற சதைத் துண்டுகளை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயம் போட்டுக் கண்ணாடியில் ஒட்டிக் கொடுப்பாள். டாக்டர்கள் அதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து என்ன நோய் என்று சொல்வார்கள். இந்த விவரமெல்லாம் பெரியவளுக்கு மாமனார் சொல்லித்தான் தெரியும். தானாகக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

சின்னவளிடம் ஒரு குறை கண்டுபிடிக்க முடிந்திருந்தால் பெரியவள் அவளை மன்னித்திருப்பாள். தேடிப் பார்த்தாள், அகப்படவில்லை. அதிர்ந்து பேச மாட்டாள். அடுக்களைக்கு வந்தால் வந்த சுவடு தெரியாமல் துடைத்து வைத்துவிட்டுப் போவாள். "அக்கா, இது எங்க வைக்கணும்?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்பாள். அந்தக் கேள்வியில் கிண்டல் இருக்கிறதா என்று பெரியவள் பல தடவை உற்றுக் கேட்டுப் பார்த்திருக்கிறாள். இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

மாமனார் மாத்திரைச் சந்தேகங்களை மாடிப்படியில் நின்று கேட்கத் தொடங்கினார். கீழே பெரியவளிடம் வளராமல் அடம்பிடித்த பூச்செடி, மாடிக்குப் போனதும் தொட்டி தெறிக்கப் பூத்தது. இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான். ஆனால் ஒருநாள் புருஷன் சாப்பிட்டுக்கொண்டே, "அந்தப் பொண்ணுக்கு எவ்வளவு பொறுமை" என்றார். வருஷத்தில் நாலு வாக்கியம் பேசுகிற மனிதர், அதில் ஒன்றைச் சின்னவளுக்குச் செலவழித்துவிட்டாரே என்று பெரியவளுக்கு ஆறவில்லை. அன்றைக்குத் தட்டுகளை அவள் கழுவிய சத்தம் மாடி வரைக்கும் கேட்டது.

இப்படி உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்த காலத்தில்தான் சின்னவளைப் பரிசோதனைக் கூடத்துக்குத் தலைமைப் பொறுப்பில் போட்டார்கள். மாமனார் பூரித்துப் போனார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று உத்தரவு போட்டார். உத்தரவு போட்டவர் அவர், சமைத்தவள் பெரியவள்.

காலையிலிருந்தே அவளுக்கு உடம்பு சரியில்லை. தொப்புளைச் சுற்றி யாரோ உள்ளேயிருந்து பிசைகிற மாதிரி ஒரு வலி. இங்கேதான் என்று விரல் வைத்துக் காட்ட முடியாத வலி. அடுப்பு வாசனையே குமட்டியது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுத் தானும் உட்கார்ந்தாள், ஒரு வாய் உள்ளே இறங்கவில்லை. மாமனார் சின்னவளைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார். அவள் கையில் எத்தனை பேர் உயிர் இருக்கிறது, அவள் ஒரு துண்டைத் தவறாகச் சீவினால் என்ன ஆகும் என்று. பெரியவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

கொழுந்தன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். நாள் முழுக்கத் தனியாகக் குழிக்குள் நின்று வேலை பார்ப்பதாலோ என்னவோ, நாலு பேரைக் கண்டால் வாய் நிற்காது.

"என்ன அண்ணி, ஒண்ணுமே சாப்பிடலை?"

"வயிறு ஒரு மாதிரி இருக்கு."

"வலியா, எரிச்சலா?" என்று கேட்டுவிட்டு, எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். "எரிச்சலாத்தான் இருக்கும். இன்னைக்கு வேற என்ன இருக்கும்."

மாமனார் சிரித்தார். புருஷனின் உதடுகூடக் கொஞ்சம் கோணியது. சின்னவளும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். பெரியவளும் சிரித்தாள். சிரிக்காமல் இருந்தால் உண்மை என்று ஆகிவிடும்.

அதோடு அவள் வாய் கட்டப்பட்டுவிட்டது. இனிமேல் வயிற்றைப் பிடித்தால் வயிற்றெரிச்சல் என்பார்கள். போதாக்குறைக்கு, அவளே அதை நம்பத் தொடங்கினாள். இத்தனை நாளாக உள்ளே போட்டு மூடிவைத்த பொறாமைதான் இப்படிப் பிசைகிறது, அவன் விளையாட்டாகச் சொன்னாலும் சரியாகத்தான் சொன்னான் என்று நினைத்தாள். ஒரு மாத்திரை கேட்கலாம் என்றால் அதற்கும் மாடிக்குத்தான் போக வேண்டும். செத்தாலும் போக மாட்டேன் என்று படுத்துக்கொண்டாள்.

மறுநாள் வலி இடம் மாறியிருந்தது. தொப்புளை விட்டு இறங்கி, வலப்பக்க அடிவயிற்றில் வந்து உட்கார்ந்துகொண்டது. இப்போது விரல் வைத்துக் காட்டலாம். விரல் வைக்கத்தான் முடியாது. பேருந்து ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் உயிர் போய் வந்தது. மேசை முன்னால் வலது காலை லேசாக மடக்கிக்கொண்டு நின்றால்தான் தாங்க முடிந்தது. மின்கத்தியின் அதிர்வு மரத்தின் வழியாக ஏறி வயிற்றுக்குள் குத்தியது. அன்றைக்கு அவள் ஒரு அடுக்கு முழுவதையும் கோணலாக வெட்டினாள். அவள் கையில் அப்படி நடந்து யாரும் பார்த்ததில்லை.

பொத்தான் வைக்கிறவள் எழுந்து வந்தாள். "அக்கா, முகம் வெளுத்துப் போச்சு. டாக்டர்கிட்டப் போங்க."

"வாயு. ஒண்ணுமில்லை."

"வாயுவுக்கு யாராவது இப்படி ஒத்தைக் கால்ல நிப்பாங்களா?"

"எனக்கு நிக்கத் தோணுது, நிக்கறேன். நீ போய் உன் பொத்தானைப் பாரு."

அதற்கடுத்த நாள் காலையில் ஓர் அதிசயம் நடந்தது. பல் துலக்கிக்கொண்டிருந்தபோது உள்ளே ஏதோ கட்டு அவிழ்ந்த மாதிரி இருந்தது. வலி விட்டுவிட்டது. இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. பெரியவள் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தாள். பொறாமையை அடக்கி ஆண்டுவிட்டேன், இனி யாருக்கு என்ன கிடைத்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. உடம்பு இறகு மாதிரி ஆகிவிட்டது. நெற்றி மட்டும் கொஞ்சம் சுட்டது, அதை அவள் பொருட்படுத்தவில்லை.

அந்த நல்ல மனம் மாறுவதற்குள் செய்ய வேண்டியதைச் செய்துவிட வேண்டும் என்று மாடிக்கு ஏறினாள். பாதிப் படியில் உடம்பு நடுங்கியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மீதியையும் ஏறினாள். சின்னவள் வேலைக்குக் கிளம்பிக் கொண்டிருந்தாள்.

"சின்னவளே, உனக்குப் பதவி வந்ததுல எனக்கு ரொம்பச் சந்தோஷம். அன்னைக்குச் சொல்லணும்னு நினைச்சேன், சொல்லலை."

சொன்ன வார்த்தையை விட்டுவிட்டு, சொன்னவள் நிற்கிற விதத்தைத்தான் சின்னவள் பார்த்தாள். "ஏன்கா குனிஞ்சு நிக்கறீங்க?"

"குனிஞ்சா? இல்லையே."

சின்னவள் கையைப் பிடித்தாள். கை கொதித்தது. "அன்னைக்கு வயிறு ஒரு மாதிரி இருக்குன்னீங்களே. அந்த வலி அப்புறம் வலப்பக்கமா இறங்குச்சா?"

"இறங்குச்சு. இப்போ இல்லை. காலையில சுத்தமா போயிடுச்சு."

"கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுதா, திடீர்னு போச்சா?"

"திடீர்னு. யாரோ முடிச்சை அவுத்துவிட்ட மாதிரி."

எப்போதும் அமைதியாக இருக்கிற அந்த முகம் மாறியதைப் பெரியவள் முதன்முதலாகப் பார்த்தாள். சின்னவள் தன் புருஷனைக் கூப்பிட்ட குரல் தெருமுனைக்குக் கேட்டிருக்கும். அந்தக் காய்ச்சலிலும் பெரியவளுக்கு, இவளுக்கும் கத்தத் தெரிகிறதே என்று ஒரு திருப்தி. அதோடு கண் இருட்டிக்கொண்டு வந்தது.

குடல்வால் வெடித்திருந்தது. சின்னவளின் ஆஸ்பத்திரியிலேயே அறுவை செய்த டாக்டர், இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் சீழ் வயிறு முழுக்கப் பரவியிருக்கும் என்று புருஷனிடம் சொன்னாராம். புருஷன் ஆஸ்பத்திரி நடைவழியில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாராம். இதைச் சொன்னவள் ஒரு நர்ஸ். கேட்டபோது பெரியவளுக்கு வயிற்றுத் தையலையும் மீறி இதமாக இருந்தது. ஆனால் அடுத்த நிமிஷமே அந்த நர்ஸ், "நீங்க எங்க மேடத்தோட அக்காவாமே? அதான் எல்லாரும் ஓடி வந்து பார்க்கறாங்க" என்று சொல்லி அந்த இதத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பேரே இல்லை. மேடத்தோட அக்கா. போர்வை மாற்ற வந்தவள், ஊசி போட வந்தவள், தரை துடைக்க வந்தவள் எல்லோருக்கும் மேடத்தோட அக்கா. வெட்டுப்பட்டவள் நான், மரியாதை அவளுக்கு என்று படுத்தபடியே புழுங்கினாள்.

கொழுந்தன் வந்து கட்டில் ஓரத்தில் நின்றான். அவன் வாயில் வார்த்தை வராமல் பார்ப்பது அவளுக்குப் புதுசு.

"அண்ணி, நான் அன்னைக்குச் சும்மா..."

"லிஃப்ட்டுக்குப் போகலையா இன்னைக்கு?"

"லீவு போட்டுட்டேன்."

"போய் வேலையைப் பாரு. லிஃப்ட் நின்னா உள்ள இருக்கறவங்க உன்னைத் திட்டுவாங்க." அவ்வளவுதான் சொன்னாள். அவனுக்கு அது போதுமானதாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான்.

அன்று சாயங்காலம் சின்னவள் வந்தபோதுதான் பெரியவளுக்கு அந்த எண்ணம் பளீரென்று உறைத்தது. வெட்டி எடுத்த துண்டெல்லாம் எங்கே போகும்? இவள் கூடத்துக்குத்தானே.

"என்னோடது உன்கிட்ட வந்துச்சா?"

"வந்துச்சுக்கா."

"நீயா வெட்டினே?"

"டாக்டரம்மாதான் முதல்ல துண்டு போட்டாங்க. மெழுகுல வச்சுச் சீவினது நான். வேற யார்கிட்டயும் கொடுக்க மனசு வரலை."

பெரியவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். செடியை எடுத்துக்கொண்டாள், மாமனாரை எடுத்துக்கொண்டாள், இப்போது குடலையுமா? தன் வயிற்றுக்குள் இத்தனை வருஷம் இருந்ததைத் தான் பார்த்ததில்லை. இவள் பார்த்திருக்கிறாள். சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எனக்குக் காட்டுவியா?"

உடம்பு தேறி, புண்ணைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போன அன்று சின்னவள் அவளைக் கூடத்துக்கு அழைத்துப் போனாள். மூக்கைத் துளைக்கிற மருந்து நெடி. மெழுகு உருகுகிற சூடு. ஒரு மேசையில் கைப்பிடி வைத்த சின்ன இயந்திரம், அதில் ஒரு கத்தி. பெரியவளின் கண் நேராகக் கத்திக்குத்தான் போனது.

உள்ளறையில் டாக்டரம்மா இருந்தார். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்த, சகஜமாகப் பேசுகிற மனுஷி. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கிற நுண்ணோக்கி அவருடையது. பெரியவளை எதிரே உட்காரவைத்தார்.

"முதல்ல இது ஒரு நல்ல குடல்வால், பழக்கத்துக்காகப் பாருங்க. குறுக்கால வெட்டினது. வட்டமா தெரியுதா? நடுவுல ஓட்டை, சுத்தி அடுக்கு அடுக்கா சுவர்."

பெரியவள் பார்த்தாள். இளஞ்சிவப்பும் ஊதாவுமாக ஒரு வட்டம். உள்ளே வழுவழுப்பான ஒரு படலம். அதற்கடியில் ஊதா உருண்டைகள் வரிசையாக. அப்புறம் கெட்டியான சிவப்புப் பட்டை. வெளியே ஒரு மெல்லிய உறை.

"உள் லைனிங், நடுவுல கேன்வாஸ், மேல் துணி" என்றாள். "கோட்டு மாதிரி இருக்கு."

"அப்படியே வச்சுக்கங்க. லைனிங்தான் சளிச்சவ்வு. கேன்வாஸ்தான் தசை. அந்த ஊதா உருண்டைகள், தொண்டையில நெறி கட்டுமே, அந்த ஜாதி. இப்போ உங்களோடது."

கண்ணாடித் துண்டை மாற்றினார். பெரியவளுக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. வட்டமே இல்லை. லைனிங் கிழிந்து தொங்கியது. பல இடங்களில் அது இருந்த அடையாளமே இல்லை. எங்கே பார்த்தாலும் பொடிப் பொடியாக ஊதாப் புள்ளிகள், எறும்பு மொய்த்த மாதிரி.

"இந்தப் புள்ளியெல்லாம்?"

"வெள்ளணுக்கள். கிருமியோட சண்டை போட வந்ததுங்க. செத்துச் சேர்ந்தா அதுதான் சீழ். லைனிங்ல மட்டும் நாலு இருந்தா நாங்க ஒண்ணும் அடிச்சுச் சொல்ல மாட்டோம். இந்தத் தசைக்குள்ள புகுந்திருக்கா பாருங்க, நாரையெல்லாம் பிரிச்சுக்கிட்டு? அதைப் பார்த்தாதான் குடல்வால் அழற்சின்னு எழுதுவோம். இங்க வாங்க. இந்த இடம் வெளிறிக் கிடக்கு, உயிரோட்டமே இல்லை. ரத்தம் போகாம அழுகின இடம். வெடிச்சது இதுலதான்."

"ஏன் வந்துச்சு?"

"குடல்வால் ஒரு முட்டுச்சந்து. ஒரு பக்கம்தான் வாய். அந்த வாய் அடைச்சுக்கிட்டாலும் உள்ள சளி ஊறறது நிக்காது. ஊறி ஊறி உப்பும். உப்பினா ரத்தக்குழாய் நசுங்கும். ரத்தம் போகலைன்னா சுவர் நோகும், குடல்ல சும்மா கிடந்த கிருமி உள்ள நுழையும். முதல்ல நரம்புக்கு இடம் சொல்லத் தெரியாது, அதான் தொப்புளைச் சுத்தி வலிக்கும். வெளி உறை வரைக்கும் வீங்கி வயித்துச் சுவரைத் தொட்டதும் வலப்பக்கம்னு சரியாச் சொல்லும். வெடிச்சா அழுத்தம் இறங்கிடும், வலி போன மாதிரி இருக்கும். அதை நம்பித்தான் நிறையப் பேர் ஏமாறுவாங்க."

பெரியவள் அந்தக் காலையை, கண்ணாடியில் பார்த்த தன் ஜெயித்த முகத்தை நினைத்துக்கொண்டாள்.

"எனக்கு எது அடைச்சுது?"

டாக்டரம்மா சின்னவளைப் பார்த்தார். சின்னவள் மெதுவாகச் சொன்னாள். "கெட்டிப்பட்ட மலம்கா. சின்னக் கல் மாதிரி."

பெரியவளுக்குக் காது மடல் சூடானது. அதையும் இவள் பார்த்திருக்கிறாளே.

"அதுல வெட்கப்பட ஒண்ணுமில்லை" என்றார் டாக்டரம்மா. "சில பேருக்குக் காய்ச்சல் வந்து போனப்புறம் அந்த நெறி உருண்டை வீங்கி அடைக்கும். சில பேருக்குப் புழு. அபூர்வமா கட்டி. நிறையப் பேருக்கு அடைப்பே இருக்காது, ஏன் வந்துச்சுன்னு எங்களுக்கும் தெரியாது. உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம். வயித்துக்குள்ள கொழுப்புத் திரை ஒண்ணு இருக்கு. வெடிச்ச இடத்துல அது வந்து ஒட்டிச் சுத்திக்கிச்சு. அதனாலதான் சீழ் அங்கயே நின்னுது."

பெரியவள் கண்ணை எடுக்காமலே, குரலைத் தணித்துக் கேட்டாள். "டாக்டரம்மா, மனசுல... வயித்தெரிச்சல்னு சொல்றாங்களே, அதனால இது வருமா?"

"பொறாமையால வரும்னா இந்த ஊர்ல ஒருத்தருக்கும் குடல்வால் மிஞ்சியிருக்காது. எனக்கு முதல்ல போயிருக்கும்."

சின்னவள் சிரிக்கவில்லை. நடைவழிக்கு வந்ததும் சொன்னாள்: "அன்னைக்கு அவர் கிண்டல் பண்ணப்ப நானும் சிரிச்சேன்கா. தினமும் இதைப் பார்க்கறவ நான். எங்க வலிக்குதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

பெரியவள் மனசில் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கிழிந்து, அழுகி, சீழ் பிடித்துக் கிடந்த திசு அது. ஆனால் வெட்டு? ஒரு சுருக்கம் இல்லை, ஒரு இழுவை இல்லை, கத்தி தடுக்கின கோடு இல்லை. நைந்த துணியை வெட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரியும்.

"எவ்வளவு மெல்லிசு அது?"

"தலைமுடி கனத்துல பத்துல ஒரு பங்குகூட இருக்காது."

"நல்லா வெட்டியிருக்கே" என்றாள் பெரியவள். பல்லைப் பிடுங்கிக் கொடுத்த மாதிரி இருந்தது. சின்னவள் முகம் சிவந்துவிட்டது.

வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் மாமனார் இந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினார். அவர் கதையில் சின்னவள் ஒரே பார்வையில் கண்டுபிடிக்கிறாள், சின்னவள் காரைப் பிடிக்கிறாள், சின்னவள் டாக்டரை எழுப்புகிறாள். பெரியவள் ஓர் ஓரமாகக் கிடக்கிறாள். வயிறு என்னுது, கதை அவளுதா என்று அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவள், ஒருநாள் தட்டோடு வந்து உட்கார்ந்து, "மாமா, நீங்க கல்லை விட்டுட்டீங்க" என்று தொடங்கினாள். லைனிங், கேன்வாஸ், எறும்பு, கொழுப்புத் திரை என்று ஒன்று விடாமல் சொன்னாள். வந்தவர்கள் டீயை ஆறவிட்டார்கள். பிழை திருத்துகிறவருக்கு ஒரு பிழையும் அகப்படவில்லை. அன்றிலிருந்து கதையைச் சொல்வது அவள்தான். அதில் சின்னவளுக்கும் ஓர் இடம் உண்டு, அளவாக.

வேலைக்குத் திரும்பிய பிறகு மின்கத்தியின் அலகை அவள் அடிக்கடி மாற்றச் சொன்னாள். வெட்டின ஓரங்களை விரலால் தடவிப் பார்த்து, திருப்தியில்லாமல் இன்னொரு தடவை தடவுவாள். செடி, மாத்திரை, மாமனார் எல்லாம் எப்படியோ போகட்டும் என்று விட்டுவிட்டாள். அந்த வெட்டை மட்டும் விட முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிக்குப் போய், கத்தியை எந்தச் சாய்வில் வைப்பாய், மெழுகை எவ்வளவு குளிர வைப்பாய் என்று சின்னவளைக் குடைந்து எடுத்துவிட்டுக் கீழே இறங்கி வந்தாள். புருஷன் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னதான் இருந்தாலும் அவ மெஷின்ல வச்சுச் சீவறா" என்றாள். "என்னை மாதிரி கைப்பிடிச்சு ஓட்டச் சொல்லுங்க, பார்ப்போம்."

புருஷன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். இந்த வருஷத்து வாக்கியங்களில் ஒன்றை எடுத்து, "உன்னை மாதிரி அவளால முடியாது" என்றார்.

"அது எனக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். ஆனால் தட்டுகளை அன்றைக்குச் சத்தமில்லாமல்தான் கழுவினாள்.